நேரலை நின்ற பிறகு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் சுகம், அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "சூப்பரா இருக்கேன்ப்பா" என்பாய், அதனால் இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, தூக்குகிறவர்களை எல்லாம் கடிக்கிறான். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவள், இப்போது அவனை வைத்துக்கொண்டு எங்கே வர முடியும், நானும் வற்புறுத்துவதில்லை. அம்மா போனபிறகு வீட்டில் சத்தம் என்றால் உன் வீடியோதான். நீ ஊர் ஊராகத் தொழிற்கண்காட்சிகளுக்குப் போய், பாக்கெட் போடுவது மாதிரியான புது இயந்திரங்களை நேரலையில் சுற்றிக் காட்டிப் பேசுகிறாயே, நேரில் வர முடியாத முதலாளிமார் பார்க்கிறார்களோ இல்லையோ, நான் ஒன்று விடாமல் பார்க்கிறேன். நீ கேமராவுக்குப் பின்னால் நிற்பதால் முகம் தெரியாது, குரல் போதும். நம் சலூன் டிவியிலும் அதையே போட்டுவிடுகிறேன். முடி வெட்ட வருகிறவர்கள் பாட்டு வையுங்கள் என்று கெஞ்சுவார்கள், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாடிக்கையாக வரும் பஸ் டிரைவர் மட்டும், "அண்ணே, இந்தக் கடையில முடியும் வெட்டிக்கலாம், பொட்டலம் கட்டவும் கத்துக்கலாம்" என்று கிண்டல் செய்வார்.

போன செவ்வாய்க்கிழமை அவருக்குத்தான் சவரம் செய்துகொண்டிருந்தேன். நீ மாவு பாக்கெட் போடும் இயந்திரத்தைக் காட்டிக்கொண்டே வந்தாய். திடீரென்று படம் ஆடியது, கூரை விளக்குகள் தெரிந்தன, "ஐயோ" என்று உன் குரல், அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. டிரைவரை ஒரு கன்னத்து நுரையோடு விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். ஏன் தெருவுக்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை, நீ அங்கேயா நிற்கிறாய். உன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று வீடியோவுக்குக் கீழே எழுதினேன். மற்றவர்கள் எல்லாம் இயந்திரத்தின் விலையைக் கேட்டிருந்தார்கள். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, நம்பரைக் கொடுங்கள் என்று அவர்களுக்கு வந்த பதிலே எனக்கும் வந்தது, உன்னைப் பற்றிச் சொல்லத்தான் கேட்கிறார்கள் என்று கொடுத்துவிட்டேன். சாயங்காலம் உன் செய்தி வந்தது, "நெட் கட் ஆயிடுச்சுப்பா, வேற ஒண்ணுமில்ல". நானும் சரிம்மா என்று அனுப்பினேன்.

மறுநாள் அந்த இயந்திரக் கம்பெனியின் விற்பனைக்காரர் கூப்பிட்டார். தினம் எத்தனை பாக்கெட் போடுவீர்கள் சார் என்று ஆரம்பித்தார். பாக்கெட் எல்லாம் போடுவதில்லை தம்பி, நான் அந்தப் பெண்ணோட அப்பா என்றேன். விற்பனைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், தரையில் கிடந்த வயர் தடுக்கி விழுந்தாயாம், முழங்காலில் நல்ல அடியாம், எழுந்ததும் முதலில் கேமராவைத்தான் பார்த்தாயாம். அவர்தான் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். "வீட்டுக்குப் போன் பண்ணுங்கன்னு சொன்னேன் சார். என் குரலைக் கேட்டா அப்பா கண்டுபிடிச்சிடுவாரு, தனியா உக்காந்து கவலைப்படுவாருன்னு சொல்லி அழுதாங்க" என்றார். அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

நீ சொல்லாவிட்டால் நான் கவலைப்பட மாட்டேன் என்று யாரம்மா சொன்னது? என்னவென்று தெரியாமல் படுகிற கவலைதான் ஆளைத் தின்கிறது. நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை, "சாப்டாச்சும்மா" என்று உன்னிடம் சொல்லும்போது பல நாள் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டேன், ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வரமாட்டேன் என்கிறது. நன்றாக இருப்பதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். இனி அது வேண்டாம். அழுகை வந்தால் அழுதுகொண்டே கூப்பிடு. புத்தி சொல்ல மாட்டேன், வேலையை விட்டு வா என்றும் சொல்ல மாட்டேன், போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்க வேண்டும், குறையில்லாமல் இருக்க வேண்டும். முழங்காலை டாக்டரிடம் காட்ட மறக்காதே. காட்டிவிட்டு, வலிக்கிறதென்றால் வலிக்கிறது என்றே சொல்.

உன் அப்பா