மருமகள் மதுரைக்குப் படிக்கப் போகிறாள்

28.4.2025, திங்கள்

இன்றைக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிப் பார்க்கப் போகிறேன். என் பெயர் எட்வர்ட். ஊர் தங்கச்சிமடம். வயது எழுபத்தொன்று. மார்ச் மாதம் நடந்த முதியோர் எழுத்தறிவுத் தேர்வில் பாஸ். இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

விஷயம் இதுதான். என் மகன் டேவிட்ராஜின் மனைவி பிரெசில்லா மேலே படிக்க வேண்டும் என்கிறாள். பி.ஏ. தமிழ் முடித்துப் பத்து வருடம் ஆயிற்று. ஊரில் கடலுக்குப் போன யாராவது இலங்கைச் சிறையில் மாட்டிக்கொண்டால் மனு எழுதித் தருவது அவள்தான். எழுதி முடித்த பிறகும் அந்த வீட்டுப் பெண்கள் அவளை விடமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதையே ஒரு வேலையாகச் செய்யலாமாம். அதற்குப் படிப்பு இருக்கிறதாம்.

"கவலையக் கேக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்றாள் என் மனைவி மிக்கேலம்மாள். "அப்ப நான் ஒங்ககிட்ட நாப்பத்தஞ்சு வருசமாப் படிக்கிறேன்."

விரல் வலிக்கிறது. ஆனால் பக்கம் நிறைந்துவிட்டது.

2.5.2025

மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி வைத்துவிட்டு டேவிட்ராஜ் வீட்டில் இருக்கிறான். அதனால் வாக்குவாதத்துக்கு ஆள் பஞ்சமில்லை.

பிரெசில்லா மதுரைக்குப் போய் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பைப் படிக்க வேண்டும் என்கிறாள். இரண்டு வருடம், ஹாஸ்டல். இவன் ஒரு நோட்டீஸைக் காட்டுகிறான். தபாலில் ஓராண்டு ஆலோசனை டிப்ளமோ. "வீட்டுல இருந்தே படிக்கலாம்ல. பிள்ள ரெண்டாப்பு போவப்போவுது, யாரு பாக்குறது?" என்றான்.

நோட்டீஸை நானே படித்தேன். 'சான்றிதழ்' என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன். பிறகு அதையும் தாண்டிவிட்டேன்.

9.5.2025, வெள்ளி

ராமநாதபுரம் போய் வந்தோம், நானும் பிரெசில்லாவும். பாம்பனில் ரயில் ஏறினோம். புதுப் பாலத்தில் வண்டி போகும்போது எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடல் எனக்குத் தெரியாததா? நான் ஸ்டேஷன் பலகைகளுக்காகக் காத்திருந்தேன். மண்டபம். உச்சிப்புளி. வாலாந்தரவை. இத்தனை வருடம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், இன்றைக்குத்தான் அவை என்னிடம் பேசின. சத்தமாகப் படித்ததில் எதிரே இருந்த குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

பெரிய ஆஸ்பத்திரியில் நாகஜோதி என்ற ஆலோசகர் இருக்கிறார். மனநலப் பிரிவு. எந்தப் படிப்பு நல்லது என்று பிரெசில்லா கேட்டாள். அந்த அம்மா சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. எங்கள் கடலில் மீன்துறை ஆபீஸில் டோக்கன் வாங்காமல் படகை எடுக்க முடியாது. ஆகவே எனக்குப் புரிந்த மாதிரி கேட்டேன்.

"இதுல எந்தப் படிப்புக்கும்மா டோக்கன் குடுப்பாக?"

சிரித்துவிட்டார். ஆனால் பதில் சொன்னார். "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்டணும்னா மறுவாழ்வு கவுன்சில் பதிவு வேணும் அய்யா. அதுக்கு சைக்காலஜிய ஆரம்பத்துல இருந்து படிக்கணும், ரொம்ப வருசம் ஆகும். எம்.எஸ்.டபிள்யூ. வேற வழி. எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம். மருத்துவம், மனநலம் பிரிவு எடுத்தா என்னைய மாதிரி ஆஸ்பத்திரியில உக்காரலாம். அதுக்கு மேலயும் படிச்சா மனநல சமூகப் பணியாளர்னு மாநில மனநல ஆணையத்துல பேரப் பதியலாம். விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கு. சேரும்போது மறுபடி விசாரிச்சுக்கங்க."

"தபால் டிப்ளமோ?" என்றாள் பிரெசில்லா.

"விவரம் தெரிஞ்சுக்கலாம். அத மட்டும் வச்சு டோக்கன் கேக்க முடியாது."

வீட்டில் வந்து சொன்னோம். டேவிட்ராஜ் அசையவில்லை. "ஊருக்குள்ள நாலு பொம்பளைக கவலையக் கேக்குறதுக்கு எந்த ஆபீசர் வந்து டோக்கன் கேக்கப்போறாரு?"

அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதோ?

11.5.2025, ஞாயிறு

இன்று நான் ஒரு காரியம் செய்தேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் அறிவிப்புகள் படிப்பார்களே, அதற்கு ஒரு சீட்டு எழுதி உபதேசியாரிடம் கொடுத்தேன். அவரும் மைக்கில் படித்தார்: "எட்வர்ட் வீட்டு மருமகள் பிரெசில்லா மனநல ஆலோசனை படிக்கப் போகிறாள். மனக்கவலை உள்ளவர்கள் அவளிடம் வரலாம்."

நான் எழுதியது கோயில் முழுக்கக் கேட்டது. பிரெசில்லா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

12.5.2025, திங்கள்

காலையிலேயே பெண்கள் வந்துவிட்டார்கள். தடைக்காலம் அல்லவா, எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. வாசல் மணல் கொள்ளவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் விரித்தேன், மோர் கொடுத்தேன்.

இங்கே கவலையைத் தனியாகச் சொல்லும் பழக்கம் கிடையாது. கடலில் ஒரு படகுக்கு ஆபத்து என்றால் வயர்லெஸில் சொல்வோம், எல்லாப் படகும் கேட்கும், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடுவார்கள். கரையிலும் அப்படித்தான். ஒருத்தி சொல்ல, எல்லோரும் பதில் சொல்ல, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ரெஜினா பேசினாள். அவள் வீட்டுக்காரன் பிப்ரவரியில் இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவன். முன்பு டேவிட்ராஜோடு ஒரே படகில் போனவன். அவனைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். சொன்னதும் இருபது வாய் திறந்தது. ஓரியூர் கோயிலுக்குக் கூட்டிப் போ என்றார்கள், அடித்து எழுப்பு என்றார்கள், ஆம்பளையா அவன் என்று ஒருத்தி கேட்டாள். பிரெசில்லா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

13.5.2025

அந்தப் பேச்சு நேற்றுச் சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. ரெஜினா வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. பிரெசில்லா இரண்டு தடவை போய்த் தட்டினாள். உள்ளே இருந்து ரெஜினா வீட்டுக்காரன் குரல் மட்டும் வந்ததாம். "போயி மைக்குல சொல்லு."

சீட்டு எழுதியது நான். எதற்கு எழுதினேன்? எழுதத் தெரிந்துவிட்டது என்பதற்காகவா?

14.5.2025

பிரெசில்லா அடுப்படியில் அழுதாள். டேவிட்ராஜும் நானும் வாசலில் நின்றோம்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல மாமா. அவுகள எப்புடி நிறுத்துறதுன்னுகூடத் தெரியல. ரெஜினாவக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாம். அதுகூடத் தோணல."

டேவிட்ராஜ் காலால் மணலைக் கிளறினான். பிறகு கேட்டான். "இதெல்லாம் தபால்ல வருமா?"

"வராது."

"பக்கத்துல ஒரு ஆள் நின்னு, இது தப்பு, இப்புடிச் செய்யின்னு சொல்லிக் குடுக்குறது எங்க இருக்கு?"

"மதுரையில. வாரத்துல பாதி நாளு ஆஸ்பத்திரியிலயும் ஊர்லயும்தான் பாடம்."

"அப்ப அங்க போ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு படகுக்கு வர்ணம் அடிக்கப் போய்விட்டான்.

"பிள்ளைக்கு யாரு சடை பின்னுறது?" என்றாள் மிக்கேலம்மாள். "நான் விடியுமுன்ன மீன் வாங்கப் போயிருவேன்."

"வல பின்னுனவனுக்குச் சடை வராதா?" என்றேன். சந்தோஷத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

3.6.2025

மதுரைக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. வெளியே பெஞ்சில் இருந்தேன். சுவரில் இருந்த அத்தனையும் படித்தேன், தீயணைப்புக் கருவி உட்பட.

எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டார்களாம். யார் பெயரையும் சொல்லாமல், ஒருநாள் நான் ஒருத்திக்கு உதவி செய்யப் போய்க் கெடுதல் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தாளாம். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம்.

11.6.2025

இடம் கிடைத்துவிட்டது. மருத்துவம், மனநலம் பிரிவு. கிடைத்துவிட்டது.

16.6.2025, திங்கள்

தடை சனியோடு முடிந்தது. நேற்று ஞாயிறு, எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். இன்று எல்லாப் படகும் போயிற்று. டேவிட்ராஜ் போகும்போது பிரெசில்லாவிடம், "நான் வாரதுக்குள்ள பெட்டியக் கட்டிராத" என்றான்.

2.7.2025

அவளைப் பஸ் ஏற்றிவிட்டோம். பேத்தி அழவில்லை. டேவிட்ராஜ்தான் கண்ணில் தூசி என்றான்.

3.7.2025

சடை வரவில்லை. கோணல். "தாத்தா, இது நங்கூரக் கயிறு மாதிரி இருக்கு" என்கிறது பேத்தி.

20.7.2025, ஞாயிறு

பிரெசில்லா போனில் பேசினாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதைத்தான் அங்கே முதலில் சொன்னார்களாம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உதவி செய்யக் கூடியவரிடம் சொல்லலாமாம்.

யோசித்துப் பார்த்தேன். அப்படியானால் வயர்லெஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எப்போது அதை எடுக்க வேண்டும் என்பதுதான் படிப்பு. எனக்கே இது புரிந்துவிட்டது! அவளிடம் சொன்னேன். "மாமா, நீங்களும் வந்து சேருங்க" என்றாள்.

7.8.2025, வியாழன்

மத்தியானம் ரெஜினாவின் வீட்டுக்காரன் வந்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வருகிறான். "பிரெசில்லா இல்லையாக்கும்" என்றான். அவள் மதுரையில் இருப்பது அவனுக்குத் தெரியாதா?

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன். அன்றைக்கு அந்தச் சீட்டு எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். "தெரியும்" என்றான். பிறகு பேச ஆரம்பித்தான். வெயில் இறங்கும் வரை பேசினான். நான் மோர்கூடக் கொடுக்கவில்லை, எழுந்தால் நிறுத்திவிடுவானோ என்று.

செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் நாகஜோதி அம்மாவிடம் போகிறோம். நானும் கூடப் போகிறேன். வருகிறேன் என்று அவனே சொன்னான்.

அவன் போனதும் மிக்கேலம்மாள் மீன்கூடையை இறக்கி வைத்தாள். "என்ன சொன்னான்?"

"சங்காய மீனு என்ன வெலன்னு கேட்டான்."

"இம்புட்டு நேரமா?"

"வெல படியல."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அவன் சொன்னதை எழுதவில்லை. காலையில் பேத்திக்கு இரட்டைச் சடை நேராக வந்தது, அதை எழுதுகிறேன்.