சிப்பிக்காதன் கொழும்புக்குப் போனான்

அக்டோபர் 5, திங்கள்

காலையிலிருந்தே வாடைக்காற்று. வியாழக்கிழமை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறாராம். வேலைகள்: கரும்பலகைக்குக் கரி பூச. பிள்ளைகளுக்கு நகம் வெட்ட. சிப்பிக்காதனுக்குக் கழுத்து தைக்க.

சிப்பிக்காதனைக் காணோம்!

பழைய தோணிப் பாய்த்துணியில் நானே தைத்த கைப்பொம்மை. காதுக்கு இரண்டு முத்துச்சிப்பி. என் கை உள்ளே போனால் உயிர் வந்துவிடும் அவனுக்கு. நான் கேட்டால் வாய் திறக்காததுகள் அவன் கேட்டால் வாய்ப்பாடு முழுக்க ஒப்பிக்கும். சாயங்காலம் பிள்ளைகளை எண்ணி வீட்டுக்கு அனுப்புவதும் அவன்தான். எண்ணும்போது தன்னை மட்டும் விட்டுவிடுவான். "ஏலே, ஒன்ன எண்ணலியே!" என்று வகுப்பே கத்தும்.

அலமாரியில் இல்லை. பெஞ்சுக்கு அடியிலும் இல்லை. தலைமையாசிரியை மதர்தான் எடுத்திருப்பார். "படிப்பா, கூத்தா?" என்று போன வாரம் கேட்டவர்தானே.

6, செவ்வாய்

சரியான தூக்கமில்லை. மதரிடம் கேட்டேவிட்டேன். "உன் துணிப்பிசாசை நான் தொடுவேனா?" சிலுவை வேறு போட்டுக்கொண்டார். நம்பவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சாக்குக்கட்டியாய் ஒடித்துத் தள்ளினேன்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

8, வியாழன்

மானம் போயிற்று. இன்ஸ்பெக்டர் எட்டாம் வாய்ப்பாடு கேட்டார். ஒரு வாயும் திறக்கவில்லை. பழக்கதோஷம், வெறுங்கையைத் தூக்கிவிட்டேன். ரோசாலி எழுந்தாள்.

"அவன் ஊர்ல இல்ல சார். கொழும்புக்குப் போயிருக்கான்."

"யார்?"

"சிப்பிக்காதன்!" மொத்த வகுப்பும்.

அவர் போனபின் பிடித்துக் கேட்டேன். இவள் அப்பா மிக்கேல், தோணி ஓட்டும் தண்டல், சனிக்கிழமை வெங்காயம் ஏற்றிக்கொண்டு தோணியில் கொழும்புக்குப் புறப்பட்டார். தோணியில் காவலுக்குக் குருத்தோலை சொருகியிருக்கும் இடத்தில் பொம்மையையும் சொருகிவிட்டாள்.

"ஏளா, எதுக்கு?"

"அவன் எண்ணுனா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாவல்லா டீச்சர்."

அடிக்க ஓங்கிய கை. எங்கே அடிப்பது.

மதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்கு.

19, திங்கள்

மூன்று நாளாக மழை. தோணி வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டுமாம். துறைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். "கடல்ல சண்டைக் கப்பல் வேற திரியுது" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. இந்த மனுஷனுக்கு வேறு பேச்சே கிடையாதா?

மதர் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். "உன் துணிப்பிசாசுக்கும் சேர்த்துத்தான்."

ரோசாலி கேட்டாள்: "டீச்சர், அவனுக்கு நல்லா எண்ணத் தெரியும்லா?"

தெரியும் என்றேன். எப்போதும் ஒன்றை விட்டுத்தானே எண்ணுவான். நான்தானே அப்படிப் பழக்கினேன்.

22, வியாழன்

வந்துவிட்டது! பாய் கிழிந்து, பாதி வெங்காயத்தைக் கடலில் கொட்டிவிட்டு. வகுப்பு முழுக்கத் துறைக்கு ஓடியது, நானும் செருப்பில்லாமல். ரோசாலி ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆள் குறையவில்லை. மிக்கேல் தண்டல் மடியிலிருந்து சிப்பிக்காதனை எடுத்து நீட்டினார். ஒரு காது இல்லை.

"நாங்க இவன என்ன செய்ய டீச்சரம்மா? சும்மா மூலையில கெடந்தான்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட நின்றவர்களும் கடலைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து கழுத்து தைக்கக் கையில் மாட்டினேன். தொளதொள என்கிறது. என் கைக்கு அளவெடுத்துத் தைத்தது. பெரிய பெரிய கைகள் உள்ளே போய் வந்திருக்கின்றன.