ரதி வேஷக்காரனின் அக்கா

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் இன்று காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாயிற்று. தம்பி சுதேஷுக்கு இந்த வருஷமும் காமன் பெண்டாட்டி ரதியின் வேஷம். காப்புக் கட்டிவிட்டார்களாம், இனிக் காமன் எரிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. சின்ன வயதில் அவனுக்கு டெங்கு வந்தபோது அம்மா வைத்த நேர்த்தி, மூன்று வருஷம் ரதி ஆட வேண்டும் என்று. இது மூன்றாவது. நேர்ந்தவள் இங்கே அம்பிட்டியவில் என் வீட்டில் கால் வீங்கிக் கிடக்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். கேட்டவுடன் எனக்கு அழுகை வரவில்லை. கந்தோரில் எத்தனை நாள் லீவு மிச்சம் என்றுதான் யோசித்தேன். என்ன பிறவியோ நான்.

அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பிக்கு சொல்லிறாத. அவன் ஆடி முடிக்கட்டும்."

மார்ச் 8, சனி

சுதேஷ் நாலு தடவை போன் எடுத்தான். நாலு தடவையும் அம்மா தூங்குகிறாள் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா இன்று வேறு ஆளாகிவிட்டாள். கஞ்சியைத் தள்ளிவிட்டு, "சுதேஷ் வந்துட்டானா?" என்று கேட்டாள். நீங்கதானே சொல்ல வேணாம்னீங்க என்று வாய் வரை வந்தது. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான் என்றேன். மத்தியானமும் கேட்டாள். பின்னேரமும்.

கூத்துப் பழக்குகிற அழகமுத்து மாஸ்டருக்குப் போன் எடுத்தேன். ரதி பாதியில் போனால் காமனை எரிக்க முடியாது, தோட்டத்துக்கே ஆகாது, நேர்ந்த உன் அம்மாவுக்கும் குறை என்றார். நாலு நாள் பொறுக்கச் சொன்னார். நாலு நாளா? அதை அம்மாவிடம் யார் கேட்பது?

நேரே சுதேஷுக்கே எடுத்திருக்கலாம். போன் கையில்தான் இருந்தது.

மார்ச் 13, வியாழன், பௌர்ணமி போயா

அம்மா போயிட்டா. விடிய அஞ்சரைக்கு.

அவனுக்கு சொல்லல. சொல்லவே இல்ல நான்.

மார்ச் 14, வெள்ளி

உடலை எம்பாம் பண்ணிக் கண்டி மல்சாலையில் வைத்திருக்கிறோம். சுதேஷுக்குத் தெரிந்தால் தீட்டு, காப்பை அவிழ்க்க வேண்டும். காமன் எரிந்த பிறகு சொல்லலாம் என்கிறார் மாஸ்டர். சரி என்றேன் – யாரைக் கேட்டு?

மார்ச் 15, சனி

விடியும்போது வேனில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தீட்டுக்காரி கம்பத்துப் பக்கம் போகக் கூடாது, ரோட்டிலேயே நின்றேன். காமன் எரிந்து முடிந்திருந்தது. தப்பு மேளச் சத்தம் ஓய்ந்து ரதியின் ஒப்பாரி மட்டும் கேட்டது. சுதேஷ் இப்படி அழுது நான் கேட்டதேயில்லை. லயத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடச் சேர்ந்து அழுதார்கள். கூத்துப் புருஷனுக்காக என் தம்பி நெஞ்சு வெடிக்க அழுகிறான், பெற்றவள் கண்டியில் பெட்டிக்குள் கிடக்கிறாள். அங்கேதான் எனக்கும் அழுகை வந்தது, பாவி.

காப்பை அவிழ்த்ததும் மாஸ்டர் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானே சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. முகத்து ரோஸ் பவுடரோடும் சேலையோடும் வேனில் ஏறினான்.

மார்ச் 16, ஞாயிறு

அடக்கம் முடிந்தது. சுதேஷ் அழவில்லை. தொண்டை கட்டிப் போயிருந்தது.

மார்ச் 28, வெள்ளி

பதினாறாம் நாள் காரியம். சொந்தக்காரர்கள் போன பிறகு குசினிக்கு வந்து நின்றான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா என்னய கேட்டாங்களாக்கா?"

"இல்லடா. கடைசில நெனவே இல்ல."

"அப்ப சரி. கேட்டிருந்தாங்கன்னா காப்ப அறுத்துப் போட்டுட்டு வந்திருப்பேன்."

கை கழுவி வரச் சொல்லிச் சோறு போட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.