காங்னுங் போன சுற்றுலா பஸ்

கோங்ஜு, எலும்பு ஆஸ்பத்திரி
2019 மார்ச் 4

என் செல்ல மருமகள் நாரேவுக்கு,

நடந்தது எதுவும் எனக்குப் புதிதில்லை. அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். நீ ஒசாகாவில் விமானம் ஏறும் முன்பே உன் அம்மாவிடம் சொன்னேன். "அக்கா, புள்ள ஆகாயத்துல வர்றதுல ஒரு ஆபத்தும் இல்ல. இறங்கின பிறகு அந்தக் காலேஜ் வாசலுக்குப் போய்ச் சேர்றதுலதான் எல்லாம் இருக்கு." வேண்டுமானால் கேட்டுப் பார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பள்ளிதான் என்னை விட்டது என்று உன் அம்மா சொல்வாள். ஆனால் பஸ் விஷயத்தில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் வந்து கைகட்டி நிற்க வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கஷ்கொட்டை வறுத்தே கிழவனானவன் நான். தெற்கே போகிற ஒவ்வொரு பஸ்ஸும் என் கடை முன்னால்தான் நின்று மூச்சு வாங்குகிறது. அதனால்தான் அப்படியொரு வழி போட்டுக் கொடுத்தேன். இஞ்சொன் விமான நிலையத்தில் குவாங்ஜு பஸ் ஏறு, என் ஓய்விடத்தில் இறங்கு, அங்கே யோசு பஸ்ஸுக்கு மாறு, யோசுவில் டவுன் பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி மேடு ஏறு. உன் புருஷன் சாங்பே தேடினால் குவாங்ஜுவில் தேடிச் சாகட்டும்.

இப்படி ஒரு திட்டத்தை ராணுவத்தில்கூடப் போடமாட்டார்கள். நீ என்ன செய்தாய்? அவன் பெயரில் வாங்கிய கிரெடிட் அட்டையை டிக்கெட் எந்திரத்தில் தட்டினாய்! நீ தட்டியதும் அவன் போன் மணியடிக்கும், எந்த பஸ் என்பதும் அதிலேயே வரும் என்று சொன்னேனா இல்லையா? வழியிலேயே சுவோனில் இருப்பவனுக்குக் கார் இருக்கிறது. ஓய்விடத்தில் நிற்காத பஸ் இந்த நாட்டில் இல்லை. உனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான்.

நீ யோசு பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது அவன் உன் முடியைக் கையில் சுற்றி இழுத்தான். உன் முழங்கால் படியில் மோதிய சத்தம் என் கடைவரை கேட்டது. நான் பாய்ந்தேன், புலி போல.

"கையை எடுடா."

"நீ போய் உன் வாணலியைப் பாரு கிழவா. இது என் வீட்டு விஷயம்."

"நீயா? யாரைப் பாத்து நீங்கிறே? எந்த வருஷம்டா பொறந்தே?"

"ஏன், எனக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

அவ்வளவுதான். இரும்பு வாணலியால் ஒரே ஒரு அடி. அவன் காற்றில் எழும்பி ஐஸ்கிரீம் பெட்டி மேல் விழுந்தான். கண்ணாடி பொடிப்பொடியானது. எழுந்து வந்து என் வாயில் குத்தினான். சரி, அவனுக்கும் கொஞ்சம் சந்தோஷம் இருக்கட்டுமே என்று நான் கீழே விழுந்து கொடுத்தேன். அதற்குள் உன் டிரைவர், தலை எண்ணாமல் எங்கும் கிளம்பாத மனிதர், ஒரு தலையையும் எண்ணாமல் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. அவன் முகமெல்லாம் வெந்து, கண் தெரியாமல், என் மார்பில் காலை வைத்துக் கேட்டான்: "எந்த பஸ்? எந்த ஊரு?"

நான் இருமிக்கொண்டே, "காங்னுங்... அதோ அந்த நீல பஸ்" என்றேன். சாகக் கிடக்கிறவன் பொய் சொல்வானா என்று நினைத்திருப்பான். தாவி ஏறினான். அது மலையேறும் சங்கத்துச் சுற்றுலா பஸ்! உள்ளே நடுவயது அத்தைமார் எல்லாம் பாட்டுப் போட்டு இருக்கைகளுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியது. கீழே கிடந்தபடியே நான் கையசைத்தேன்.

போலீஸிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் கிழக்குக் கடற்கரையில் தேடுகிறார்கள். நீ தெற்கில் நிம்மதியாகத் தூங்கு.

விலா எலும்பு சிலது போயிற்று. பல்லும் சிலது. அவை எப்படியும் விழ இருந்தவைதான்.

வெற்றிவீரன்,
தோக்சூ மாமா


யோசு, கடல்வள வளாகம்
மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். கழுத்து இன்னும் இடதுபக்கம் திரும்பவில்லை. முடி பிய்ந்த இடத்தில் சீப்பு பட்டால் உயிர் போகிறது. தொப்பி போட்டுக்கொண்டுதான் மட்டி வளர்க்கும் கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே எல்லாரும் தொப்பி போடுவதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அட்டையைத் தட்டியது என் தப்புதான். அந்த எந்திரம் ரொக்கம் வாங்கவில்லை. பின்னால் வரிசை நின்றது, ஒருவர் "சீக்கிரம்மா" என்றார், கை பழக்கத்தில் போய்விட்டது. ஒசாகாவில் ஒரு வருடம் ஒளிந்து வாழ்ந்தவளை ஒரு வரிசை அவசரப்படுத்திவிட்டது, பாருங்கள்.

ஆனால் மாமா, பஸ் ஜன்னலிலிருந்து நானும் பார்த்தேனே! உங்கள் வாணலி அவன் மேல் படவே இல்லை. எங்கள் டிரைவரின் முழங்கையில்தான் பட்டது. மீன்கேக் கடை பொங்சுன் அக்காதான் கொதிக்கிற சாற்றைச் சட்டியோடு அவன் முகத்தில் வீசினாள். கண் தெரியாமல் அவனாகவே போய் அந்த ஐஸ்கிரீம் பெட்டியில் விழுந்தான். டிரைவர் யோசு வரைக்கும் ஒரு கையால் ஓட்டினார். "உங்க மாமாவா அது? நல்ல மனுஷன். குறிதான் சரியில்ல" என்றார்.

கடைசியாக நான் பார்த்தது, நீங்கள் கீழே கிடந்ததும் அவன் உங்களை மிதித்ததும்தான். ஷூ காலால், தரையில் எதையோ நசுக்குவது போல. பஸ் வளைவில் திரும்பியதும் மறைந்துவிட்டது. நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். டிரைவர் நிறுத்தவில்லை.

இங்கே காலேஜ் வளாகத்துக்கு டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்திலிருந்து பைன் மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத மேடு. நடந்ததை வாயில் காவலர் பியோ அண்ணனிடம் சொன்னேன். தினமும் வேலை முடிந்து நான் ஊருக்குள் போய் வரும்போது நிறுத்தத்தில் தடியோடு நிற்கிறார். என்னைக் கேட்டு யார் போன் செய்தாலும் அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்றுதான் பதில் வரும். என் கைபேசியைக் கடலில் போட்டுவிட்டேன். ஆகவே கடிதமே எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விளையாட்டாகப் பதில் சொல்லாதீர்கள். அவன் அந்த பஸ்ஸில் ஏறியதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? காரில் வந்தவன் காரை விட்டுவிட்டா பஸ்ஸில் ஏறுவான்?

உங்கள் விலாவை நினைத்துக்கொண்டிருக்கும்,
நாரே


கோங்ஜு
மார்ச் 13

அன்பு நாரேவுக்கு,

பொங்சுன் வீசியது என்று எழுதியிருக்கிறாய். வீசு என்று கண்ணால் ஜாடை காட்டியது யார்? போகட்டும். பெண்பிள்ளைக்கும் கொஞ்சம் பெயர் கிடைக்கட்டும். நேற்று அவள் கஞ்சி கொண்டுவந்தாள். "ஒன் வாணலிக்கு டிரைவர் கேஸ் போடப் போறாராம்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். நான் சிரித்தால் விலா வெட்டுகிறது. அதனால் நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டாள்.

பஸ்ஸில் ஏறினானா என்று கேட்கிறாய். ஏறினானாவா? ஏறினான் என்றால் ஏறினான்! கோபத்தில் இருக்கிறவனுக்குக் காராவது சைக்கிளாவது, எதுவும் நினைவில் நிற்காது. ஒரு அத்தை அவன் கையைப் பிடித்து "வா தம்பி, ஒரு ஆட்டம் போடு" என்று இழுத்ததைக்கூடப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள். சிவப்புத் தொப்பியையா நான் கற்பனை செய்வேன்?

நீ தூங்கு. சாப்பிடு. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எல்லாம் பார்த்த கண்ணோடு,
மாமா


யோசு
மார்ச் 20

அன்புள்ள மாமா,

உங்கள் சிவப்புத் தொப்பிதான் என்னைக் காப்பாற்றியது. அதைப் படித்த பிறகுதான் நம்பினேன். இவ்வளவு நாள் கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்கினால், அவன் என் வாயைப் பொத்தி சுவரில் தலையை மோதும் அந்தப் பழைய வீடு வரும். இப்போது அவன் அத்தைமாருக்கு நடுவில் ஆடுவதுதான் கனவில் வருகிறது. சிரித்துக்கொண்டே எழுந்தேன். எத்தனை வருடம் ஆயிற்று மாமா, நான் அப்படி எழுந்து!

நாற்காலியை மேஜைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பியோ அண்ணனுக்கு மூட்டுவலி. இனி நிறுத்தத்துக்கு வர வேண்டாம், நானே நடந்து வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். "நிச்சயமா தங்கச்சி?" என்று கேட்டார். "எங்க மாமா கண்ணால பாத்திருக்கார்" என்றேன். நேற்று முதல்முறையாகத் தனியாக மேடு ஏறினேன். கீழே கடல், மேலே பைன் காற்று. பயப்படாமல் நடந்தால் இந்த வழி இவ்வளவு சின்னதா என்று தோன்றியது.

உடம்பு தேறியதும் நீங்கள் இங்கே வர வேண்டும். யோசு பஸ், பிறகு டவுன் பஸ், பிறகு மேடு. வழி உங்களுக்கா தெரியாது!

மிகுந்த அன்புடன்,
நாரே


ஓய்விடத்திலிருந்து, யோசு பஸ் டிரைவர் கையில்
மார்ச் 22

நாரே,

இதைப் படித்ததும் முதலில் கதவைத் தாழிடு. நாற்காலியை மறுபடியும் வை. பியோ அண்ணனைக் கூப்பிடு. தனியாக மேடு ஏறாதே. அந்த நிறுத்தத்தில் இறங்கவே இறங்காதே.

காலையில் உன் கடிதம் வந்தது. உடனே வளாகத்து வாயிலுக்குப் போன் போட்டேன். "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றார்கள். "நான் மாமா பேசறேன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று வைத்துவிட்டார்கள். நீதானே அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாய். சரியாகத்தான் செய்திருக்கிறாய். யோசு போலீஸுக்கும் சொன்னேன். மாதத் தொடக்கத்தில் காங்னுங் என்று சொன்ன கிழவன் இப்போது யோசு என்கிறான் என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார்கள். வந்து பார்க்கிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்காமல் இங்கே வந்துவிட்டேன். கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் இடமில்லை. அதனால் இதை டிரைவரிடம் கொடுக்கிறேன். நான் முழங்கையில் அடித்த அதே மனிதர்தான். டெர்மினலிலிருந்து தானே வந்து உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த பஸ்ஸில் நான் வருகிறேன்.

பொங்சுன் ஊற்றிய சாற்றில் அவன் முகம் வெந்தது நிஜம். அதனால்தான் இத்தனை நாள் எங்கேயோ படுத்துக்கிடந்தான் என்று நினைக்கிறேன். இப்போது ஆறியிருக்கும்.

நான் காங்னுங் என்று சொன்னதும் நிஜம், நாரே. ஒரு தடவை சொன்னேன். "பொய்" என்று சொல்லி விலாவில் குதித்தான். உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. மறுபடியும் காலைத் தூக்கினான். அப்போது யோசு என்றேன். கடல்வள வளாகம் என்றும் சொன்னேன். அவன் கேட்காமலேயே சொன்னேன், அந்தக் கால் கீழே இறங்கிவிடக் கூடாது என்று.

அன்றைக்கு எந்தச் சுற்றுலா பஸ்ஸும் வரவில்லை. சிவப்புத் தொப்பியும் இல்லை. அவன் தன் காரில் ஏறித் தெற்கே போனான்.

தோக்சூ