பாதி வருஷத்தில் மாறிய குழாய்

தார்நாக்கா, ஹைதராபாத்
3 மே 1979, வியாழக்கிழமை

சிரஞ்சீவி சீதாராமனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

வண்டியைத் திரும்பப் பறிக்கத்தான் நான் தந்தி கொடுத்தேன் என்று உன் தங்கை கல்பகம் உனக்குச் சொன்னாளாம். அது தவறு. அப்பாவின் வண்டியை நீ விசாகப்பட்டினத்துக்கு ஓட்டிக்கொண்டு போன அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதை நான் மறைக்கவும் இல்லை. ஆனால் இந்தத் தந்தி அதனால் கொடுத்ததல்ல. ஏ.சி. குழாயை மாட்டாதே என்று எழுதினேன். அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் நம் மெக்கானிக் அப்துல் ரஹீமுக்கு விபத்து. சிகாகோவிலிருந்து என் அண்ணன் மகன் உமாசங்கர் இரண்டு குழாய்கள் அனுப்பினான் அல்லவா? ஒன்றை உனக்குப் பார்சலில் போட்டேன். மற்றதை நாச்சாரத்தில் ரஹீமின் ஷெட்டில் கொடுத்தேன். நம்முடையதைப் போலவே அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி ஒன்று அவரிடம் நிற்கிறது. அவர் மாட்டும்போது நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, இது நக்கோ, வேணாம். நட்டு ஏறுது, ஆனா உக்கார மாட்டேங்குது. வாய் வேற மாதிரி இருக்கு" என்றார். நான் அப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் புத்தகத்தைப் பிரித்து, வருஷம் சரி, பாகத்தின் எண் சரி என்று இங்கிலீஷில் வாசித்துக் காட்டினேன். "ஹவ் அம்மா, ஆமா, நான் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல கையால படிச்சவன், நீங்க கான்வென்ட்டுல படிச்சவங்க. நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துக்கொண்டே இறுக்கினார். காஸ் நிரப்பி இன்ஜினை ஓட்டிய சிறிது நேரத்தில் குழாய் பிடுங்கிக்கொண்டது. காஸ் அவர் முகத்தில் அடித்தது. அது தீயைப் போலச் சுடாது. பனியாக உறைந்து சுடும். இரண்டு கண்களிலும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டை அவிழ்த்த பிறகுதான் இடது கண்ணைப் பற்றிச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி ஜுலைகா, "அவரு வேணாம்னாராமே, யாரு மாட்டச் சொன்னது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். ஆபீஸில் செய்வது போலவே, கார் கம்பெனியிலிருந்து கரெக்‌ஷன் ஸ்லிப் வந்தால் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவைப்பார் உன் அப்பா. அவர் போன பிறகு அந்தப் புத்தகத்தை பைண்டுக்குக் கொடுத்தபோது, கோணலாக ஒட்டியிருந்த சீட்டுகளையெல்லாம் பிரித்து உறையில் போட்டது நான். பார்க்க நன்றாக இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்தக் குழாயைப் பற்றிய சீட்டு அந்த உறையில் இருந்தது. வருஷத்தின் நடுவில் தொழிற்சாலையில் குழாயின் முனையை மாற்றியிருக்கிறார்கள். அதே வருஷம், அதே மாடல், நட்டின் மரைகூட அதேதான். முனை மட்டும் வேறு. நான் உமாசங்கருக்கு ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து வருஷத்தை மட்டும் எழுதினேன்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கீலுக்கு அருகில் ஒரு சிறிய தகடு இருக்கும். பெயிண்ட் மூடியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடை. கடைசி ஐந்து இலக்கங்கள் 41600க்குக் கீழே இருந்தால் அது முதல் பாதியில் செய்த வண்டி. ஆனால் எண்ணை மட்டும் நம்பாதே. காகிதத்தை மட்டும் நம்பித்தான் நான் இதைச் செய்தேன். கழற்றிவைத்த பழைய குழாயையும் கையில் எடுத்துப் பார். முனை ஊமத்தம்பூவைப் போல விரிந்திருந்தால் முதல் பாதி. நேராக இருந்து ரப்பர் வளையம் போட்டிருந்தால் பின் பாதி. நான் அனுப்பியது வளையம் போட்டது. நம் வண்டி எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் அதில் ஏறி இறங்கியும் அந்தத் தகட்டை நான் படித்ததில்லை.

ஒருவேளை மாட்டிக் காஸும் நிரப்பியிருந்தால் இன்ஜினை ஓட்டாதே. நட்டைத் தளர்த்தவும் போகாதே. குளிர்சாதன வேலை தெரிந்த ஆளை வரவழை.

இரண்டு முறை டிரங்க் கால் போட்டேன். இரண்டாவது முறை மருமகள் நீலா எடுத்தாள். நீ ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் இல்லாமல் நீயே மாட்டப்போவதாகவும், நான் சொன்னதை உன்னிடம் சொல்வதாகவும் சொன்னாள். பக்கத்தில் நீ இருந்தாயா என்று நான் கேட்கவில்லை. அதனால் இதை எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன். இது மூன்றாவது பிரதி. முதல் இரண்டிலும் தகட்டின் எண்ணைத் தவறாக எழுதிக் கிழித்துப்போட்டேன்.

சத்தம் கேட்க இன்ஜின் மேல் முகத்தைக் குனிந்து வைப்பது உன் அப்பாவின் பழக்கம். உனக்கும் அதேதான். இரண்டு நாளாக என் கண்முன் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வண்டி உன்னுடையது. கல்பகத்துக்கும் இதையே எழுதிவிட்டேன். என்மேல் உள்ள கோபத்தை நீ எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். நீ கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறைவும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

டெலிபோனில் சொல்ல வேண்டாம். நீலாவையும் எழுதச் சொல்லாதே. தகட்டின் எண், பழைய குழாயின் முனை எப்படி இருக்கிறது, புதியதை மாட்டவில்லை என்பது, இந்த மூன்றையும் ஒரு கார்டில் உன் கையாலேயே எழுதி உடனே தபாலில் போடு.

அம்மா