மடித்துப் படித்த நாலு வரி

திருத்தணி
12.11.1987

அன்பு மகள் அம்சாவுக்கு,

உன் கடிதத்தைக் காட்டி லேகியம் விற்றேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்கதையெல்லாம் எழுதி இதை விட்டுவிடுவேன், என் சாமர்த்தியம் எனக்குத் தெரியும். நானும் அம்மாவும் முருகன் தயவில் சுகம், அம்மாவின் முழங்கால் வலிதான் குறையவில்லை, நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும்.

சித்திரையில் எழுதினாயே, எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பட்டால் உடம்பின் செல்லுக்குள் துருப்பிடிப்பது போல ஒரு கெடுதல் கிளம்பும், அதை அடக்க ஒரு என்சைம் இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லும் ஜீனைத்தான் கிருமிகளுக்குள் வைத்துப் பார்க்கிறேன் என்று. பெருமைக்காக நம் மருந்துக் கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். அது நெல்லிக்காய் லேகியத்தில் இருக்குமா என்று ஒருவர் கேட்டார். இருக்கும் என்றேன். அன்றிலிருந்து உன் கடிதம் கல்லாப் பக்கத்திலேயே இருந்தது. கடைசி நாலு வரியை மட்டும் மடித்து விரலுக்கு அடியில் பிடித்துக்கொண்டு படிப்பேன். இது இன்னும் கிருமியோடு நிற்கிறது, மனிதருக்கு வர எத்தனை வருஷமோ, அந்தக் காவல் நல்ல செல் கெட்ட செல் என்று பார்க்காது, கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம் என்று நீ எழுதிய வரிகள் அவை.

பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருக்கும் எல்லப்பன் ஆடியில் பெண்சாதி கோவிந்தம்மாளோடு வந்தான். அவளுக்குத் தொண்டையில் கட்டி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கரண்ட், நீ சொல்லும் கதிர்தான், வைக்கச் சொல்லி, பத்து நாள் ஆகியிருந்தது, வாயெல்லாம் புண். அவனுக்கும் உன் கடிதத்தை மடித்துப் பிடித்தே படித்துக் காட்டினேன். 'இத்த துன்னா கரண்டு நிறுத்திடலாங்களா மொதலாளி' என்று கேட்டான். லேகிய டப்பா என் கையில் இருந்தது. ஆங், கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு என்றேன். மூன்று மாதம் பஸ் ஏறி வந்து வாங்கினான், ஒரு தடவைகூட நான் உண்மையைச் சொல்லவில்லை. போன வாரம் வெறுங்கையோடு வந்து நின்றான். கட்டி பெருத்துவிட்டது, கஞ்சிகூட இறங்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு அவனோடு போனேன். அந்தம்மாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். குரல்தான் தேய்ந்திருந்தது, பேச்சு தேயவில்லை. 'எங்க வூட்டு வழி மொதலாளிக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா' என்றாள். பிறகு, 'நிறுத்தச் சொன்னது உங்க பொண்ணா, நீங்களா' என்று கேட்டாள். நான்தாம்மா என்று சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த உன் கடிதத்தின் மடிப்பைப் பிரித்து முழுக்கப் படித்தேன். 'பெத்த பொண்ணு பேரயா விப்பாங்க' என்றான் எல்லப்பன், என் முகத்தைப் பார்க்காமலே. மறுநாள் இருவரையும் பட்டணத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். திரும்ப ஆரம்பிக்கலாம், விட்ட நாளுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். இனி உங்கள் பேச்சை நம்பி எங்கும் வரமாட்டேன் என்று கோவிந்தம்மாள் கரண்ட் வைக்கும் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நிபந்தனை போட்டுத்தான் உள்ளே வந்தாள்.

நீ கதிர் வேலை செய்யும்போது தடுப்புக்குப் பின்னால் நில், வேளைக்குச் சாப்பிடு. என்மேல் கோபம் வந்தால் அம்மாவுக்கு எழுதுவதை நிறுத்தாதே. தணிகை முருகன் உன்னை நன்றாக வைப்பான்.

கோவிந்தம்மாள் போட்ட நிபந்தனையாக நான் ஒப்புக்கொண்டது இது. திங்கள்கிழமை முதல் கரண்ட் முடிகிற நாள் வரை நானும் அவர்களோடு ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வேண்டும். கடையில் இனி லேகியம் கிடையாது. அந்த நாலு வரியை நீ பெரிய எழுத்தில் எழுதி, இதை மறைத்தது என் தகப்பன் என்று கீழே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்ப வேண்டும், நான் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்ட வேண்டும். தகப்பன் என்ற சொல் இருக்கத்தான் வேண்டும் என்றாள் கோவிந்தம்மாள், நான் பேரம் பேசவில்லை.

உன் நைனா,
தணிகாசலம்