குடும்பத் தலைவர்: ஒரு பெயர் மட்டும்

12.03.2009 வியாழன்

சரியான வெயில். அலுவலகக் கம்ப்யூட்டர் எழும்ப அரை மணித்தியாலம். விண்டோஸ் 98. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் தந்தது. தங்களுக்குப் பழசாய்ப் போனதைத்தான் எங்களுக்கு நன்கொடை ஆக்கியிருக்கிறார்கள். வீட்டுத்திட்டப் பட்டியல் புரோகிராமும் அவர்களுடைய ஆள் ஒருவன் எழுதியது. அவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். கலியாணம் முடித்தவர் என்று போட்டால் ஆண் பெயரை மட்டும் எடுக்கும்.

மாங்கேணியிலிருந்து பரமேஸ்வரி என்று ஒருத்தி. கடல் கொண்டுபோன வீடும் வளவும் அவளுக்குத் தாய் சீதனமாகக் கொடுத்தவை. புது வீடு புருசன் பெயரில் பதிவாகியிருக்கிறது. வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுமுன் தன் பெயருக்கு மாற்றவேண்டுமாம். புருசனுக்குக் கல்குடாவில் வேறொருத்தி. உறுதி கைக்கு வந்தால் அவளைக் கூட்டி வந்து, தன்னையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் வெளியே போடுவான் என்றாள். போடுவான்தான். புரோகிராம் விடாது என்று சொல்லி அனுப்பினேன். அது பொய்யில்லை.

பாண், சவர்க்காரம், வீட்டில் அவருக்குப் பிரசர் குளிசை.

24.03 செவ்வாய்

கம்ப்யூட்டர் திருத்த ஓட்டமாவடி நிஸ்தார் நானா வந்தார். மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை. இந்த விண்டோஸ் 98ஐச் செய்தவர்களே அதைக் கைவிட்டு மூன்று வருசமாகப் போகிறதாம். வைரஸ் வந்தால் மறிக்க ஒன்றும் இல்லை. புதுசு போட்டால் எங்கள் புரோகிராம் ஓடாது. போடாவிட்டால் ஒருநாள் எல்லாம் போகும்.

“கண்ட கண்ட சீடியெல்லாம் போட்டுராத தங்கச்சி” என்றார். தலையாட்டினேன். பிளேன்டீ கொடுத்தேன், சீனி காணாதாம்.

03.04 வெள்ளி

பரமேஸ்வரி மறுபடியும். சனம் நிறைந்த நேரம். இரண்டு சோதனைச் சாவடி தாண்டி, இரண்டு பஸ் மாறி வந்தவளாம். நான் வரச் சொன்னேனா? முடியாது என்றேன். போகவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்றாள்.

“கடல் கொண்டுபோனது என்ட ஊட்ட மிஸ். திருப்பித் தந்தது மட்டும் அவருக்கா?”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மெசின் அப்படித்தான் எடுக்கும் என்றேன்.

“ஒங்கட ஊடு ஆருட பேர்ல மிஸ்?”

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். பியோன் கூட. என் வீடு என் பெயரில். அம்மா தந்தது. இவர் கலியாணம் முடித்து ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவர். அதை இவளுக்கு நான் ஏன் சொல்லவேண்டும்? இரவு சோறு இறங்கவில்லை. அவளுக்கு நல்ல வாய்.

05.05 செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

மத்தியானம் மைத்துனி தந்த பாட்டுச் சீடியைப் போட்டேன். இரண்டு பாட்டு ஓடியது. பிறகு நீலத் திரை. நிஸ்தார் நானா வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பட்டியலில் ஒரு வரி மிச்சமில்லை. சீடியை முதலே கைப்பைக்குள் வைத்துவிட்டேன். மின்சாரம் போய் வந்ததில் பழுதானது என்று மேலதிகாரி சேரிடம் சொன்னேன். நானா என்னைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகி மூடினார். நல்ல மனிதர்.

19.05 செவ்வாய்

யுத்தம் முடிந்ததாம். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். கொடி கட்டாத கடைக்காரரைக் கட்டச் சொல்லி ஆள் போகிறது. பியோனின் தங்கை மகன் வன்னியில். பியோன் அலுவலகக் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினான். சேர் பன்னிரண்டு மணிக்குப் போகச் சொன்னார். மீன் மலிவு, வாங்க ஆளில்லை. ஒரு கிலோ கெளவல்லா எடுத்தேன்.

25.05 திங்கள்

புது மெசின் வந்தது. கறுப்பு. தொட்டவுடன் எழும்புகிறது. புதுப் பட்டியலில் இரண்டு பெயர்க் கட்டம், ஆணோ பெண்ணோ எதையும் எடுக்கும். பழைய அச்சுத் தாள்களைப் பார்த்து எல்லாவற்றையும் நான் திரும்ப அடிக்கவேண்டும். மாற்றம் கேட்டவர்கள் இருந்தால் இப்போதே திருத்து என்று சேர் சொன்னார். வியாழனுக்குள் முடியவேண்டுமாம்.

27.05 புதன்

மாங்கேணித் தாள். அவளுடைய வரி வந்தது.

கையை எடுத்துவிட்டு இருந்தேன். பிறகு புருசனின் பெயரை அடித்தேன். இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஒருத்திக்கு மாற்றினால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவல்ல. அந்தச் சிரிப்பு. இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள், எழுதினால் என்ன.

சேர் கேட்டார். மாற்றம் ஒன்றும் இல்லை என்றேன். கையெழுத்து வைத்தார்.

12.06 வெள்ளி

கச்சான் காற்று. கடதாசி ஒன்றும் மேசையில் நிற்கவில்லை. உறுதி கொடுத்தார்கள். மாலை, பேச்சு, குளிர்பானம். பரமேஸ்வரியின் புருசன் வெள்ளைச் சட்டையில் வந்து வாங்கினான். பக்கத்தில் கல்குடாக்காரி, தலையில் பூ.

எல்லாரும் போன பிறகு பரமேஸ்வரி உள்ளே வந்தாள். இரண்டு பிள்ளைகள், ஓர் உரப்பையில் சட்டி பானை. பட்டியல் ஒட்டிய அன்றைக்கே வெளியே போட்டுவிட்டானாம். களுவாஞ்சிக்குடியில் தூரத்துச் சொந்தம் ஒன்று, அங்கே போகிறாளாம். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்றாள். கொடுத்தேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்து, பியோன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்திருந்தேன்.

“அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால கதைச்சிட்டன், மனசுல வெச்சிக்காதீங்க மிஸ். நீங்க என்ன செய்வீங்க. மெசின் விடல்லத்தானே.”

மூத்தவள் கோப்பையைக் கழுவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

ஓம், மெசின் விடவில்லை என்றேன்.